மூடிக்குப் பூஜை கிடையாது

போன மாதம் ஷெட்டிலிருந்து பிரபு போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்த மெக்கானிக். நல்ல பிள்ளை. ஆனால் "வணக்கம்ணே, நல்லா கீறீங்களா" என்று அவன் ஆரம்பித்தால் ஏதோ ரிப்பேர் என்று அர்த்தம்.

"அண்ணே, ஷெட்டு செவுத்துல செவப்பு பெயின்ட்ல 'மூடிக்குப் பூஜை கிடையாது'ன்னு எழுதிக்கீதே, அது யாருண்ணே எழுதனது?"

"ஏன், இன்னா இப்ப?"

"புதுசா வந்த ஆபீசர் அழிக்கச் சொல்றாருண்ணே. சாமிய மதிக்காத மாதிரி கீதாம். எவனோ குடிச்சிட்டு எழுதிட்டான்னு சொல்றாரு."

குடிக்கவில்லை. பட்டப்பகலில், நிதானமாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்தான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதைப் போனில் சொல்ல முடியாது. சொல்லியிருந்தால் பிரபு சிரித்திருப்பான். அவன் சிரிப்பதற்கு முன்னால் முழுவதையும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் பென்ஷன் வருகிறது, அது பாட்டுக்கு வரட்டும்.

நான் மெக்கானிக் ஆன கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. சொந்த ஊர் அமிர்திப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலூரில் லாரி பட்டறை ஒன்றில் சில வருஷம் கை கறுத்தேன். பிறகு அரசாங்க ஜீப்புகளுக்கு அடியில் இருபது வருஷத்துக்கு மேல் மல்லாந்து கிடந்தேன். ஜமுனாமரத்தூருக்கு மாற்றல் வந்தபோது, "மலைக்கா? யாரப் பகைச்சிக்கினே?" என்று வீட்டில் கேட்டார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. மலையில் எனக்காக ஓர் ஆமை காத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆமை என்பது நாங்கள் வைத்த பெயர். புத்தகத்தில் அதன் பெயர் இங்கிலீஷில் ஒரு முழம் இருக்கும். தரையிலும் போகும், தண்ணீரிலும் போகும், இரண்டிலும் மெதுவாகத்தான் போகும். எட்டுச் சக்கரம். கூரை கிடையாது. உடம்பு முழுக்க ஒரே பிளாஸ்டிக் தொட்டி. தண்ணீரில் இறங்கினால் அந்தச் சக்கரங்களே சுற்றிச் சுற்றித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் ஓடை பெருகி அக்கரை ஊர்களுக்கு வழி அடைபட்டுப் போனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருவதற்கு என்று கொடுத்தார்கள்.

எட்டுச் சக்கரத்துக்கும் அச்சு உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். அதற்கு எட்டு ஓட்டை. உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கப் பின்பக்கம் அடியில் இரண்டு ஓட்டை. ஆகப் பத்து. படகில் ஓர் ஓட்டை இருந்தாலே ஊர் சிரிக்கும். இதைப் பத்து ஓட்டையோடு செய்து, பத்தையும் அடைத்து, நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். மிதந்தால் கம்பெனிக்குப் பேர். மூழ்கினால் மெக்கானிக்குக்கு மெமோ.

முதல் வெள்ளோட்டத்துக்கு ஒரு பெரிய அதிகாரி பளபளவென்று ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். டிரைவர் சிகாமணி ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஏரி நடுவில் அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்பா, உள்ள தண்ணி வரலாமா?" என்றார்.

"கொஞ்சம் வரலாங்க சார்," என்றான் சிகாமணி.

"கொஞ்சம்னா எவ்வளவு?"

சிகாமணி அவருடைய ஷூவை ஒரு பார்வை பார்த்தான். "லேஸ் வரைக்கும் வரலாங்க சார்."

கரைக்கு வந்தபோது லேஸைத் தாண்டிவிட்டிருந்தது. அடுத்த வாரமே ஆமையைப் பார்த்துக்கொள்ளத் தேன்மொழி மேடத்தை உதவிப் பொறியாளராக அனுப்பி வைத்தார்கள். எனக்கு அப்போது ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது, மேடத்துக்கு முப்பது இருக்கலாம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். சாதாரணக் கோபம் என்றால் பக்கத்து மேஜைக்குக் கேட்கும். மிகுந்த கோபம் என்றால் நாம் குனிந்து காதைக் கொடுக்க வேண்டும்.

வந்த அன்றைக்கே கேட்டார்: "உள்ள எவ்வளவு தண்ணி வருது, ஏழுமலை?"

"நெறைய வருதுங்க மேடம்."

"நெறையன்னா?"

"ரொம்ப."

மேடம் எழுந்து எங்கள் டீத் தட்டிலிருந்து ஒரு சில்வர் டம்ளரை எடுத்தார். "ஆமை பத்து நிமிஷம் தண்ணியில நிக்கட்டும். அப்புறம் இதால அள்ளி எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினோம். நாற்பத்து மூன்று டம்ளர். அன்றிலிருந்து எங்கள் ஷெட்டில் லிட்டர் ஒழிந்தது. ரிஜிஸ்டரில் தேதி, ஓட்டிய நேரம், கசிவு இத்தனை டம்ளர் என்று மூன்று கட்டம். அந்த டம்ளருக்கு ஒரு சங்கிலி கட்டி ஆமையின் பக்கவாட்டிலேயே மாட்டிவிட்டார். ஒருமுறை வந்த தணிக்கைக்காரர், "டம்ளர் என்பது அலகா?" என்று கேட்டார். "குடிச்சுப் பாருங்க," என்று மேடம் அதே டம்ளரில் டீ கொடுத்தார்.

கசிவைத் தேடும் முறையையும் அவர் தலைகீழாக மாற்றினார். நாங்கள் வண்டியைத் தண்ணீரில் விட்டு, உள்ளே டார்ச் அடித்து, எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். அவர் வண்டியைத் தரையில் கட்டைகள் மேல் தூக்கி வைக்கச் சொன்னார். அடியில் செய்தித்தாள் விரித்தார். பிறகு தொட்டிக்குள்ளே அச்சு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். உள்ளே வரும் வழியில்தானே வெளியேயும் போகும். கால் மணி நேரத்தில் இடது பக்கம் மூன்றாவது அச்சுக்கு நேர் கீழே தாள் நனைந்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் சீலின் உதட்டில் ஒரு நூல் அளவு கீறல். சீலை மாற்றி, கிரீஸ் ஏற்றி, ஒவ்வொரு அச்சாக இப்படியே பார்த்து முடித்தபோது நாற்பத்து மூன்று டம்ளர் இரண்டாகியிருந்தது. இருபத்தைந்து வருஷ அனுபவசாலி என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்ததெல்லாம் அந்தச் செய்தித்தாளோடு நனைந்து போயிற்று. வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

வண்டி கவிழாமல் இருப்பது எப்படி என்பதை மதியச் சாப்பாட்டின்போது சொல்லிக்கொடுத்தார். சிகாமணியைக் கூப்பிட்டு, தட்டு நிறைய ரசம் ஊற்றி, "எடுத்துக்கிட்டு கேட் வரைக்கும் நடங்க," என்றார். நாலடி போவதற்குள் ரசம் ஒரு பக்கம் சாய, தட்டைத் திருப்ப, மறுபக்கம் சாய, மீதி அவன் சட்டையில். "அதே ரசத்தை டம்ளர்ல எடுத்துட்டுப் போனா சிந்தாது. ஆமைக்குள்ள கொஞ்சம் தண்ணி நின்னாலும் அது தட்டு ரசம்தான். வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே எல்லாம் ஓடும். அதோட ஆளுங்க எழுந்து நின்னா முடிஞ்சுது." தண்ணீரில் நாலு பேருக்கு மேல் கூடாது, சுமை தரையோடு இருக்க வேண்டும், நடுவில் இருக்க வேண்டும், எவரும் எழக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள் கேட்பார். முதல் கேள்வி எப்போதும் "மூடி?" பின்பக்க இரண்டு வடிகால் ஓட்டைகளையும் அடைக்கும் திருகு மூடிகள். நான், "போட்டாச்சு மேடம்," என்பேன். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, அந்தப் பதில் மூளைக்குப் போகாமலே வாயிலிருந்து வரப் பழகிவிட்டது. வினை அங்கேதான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்திய ஒரு வாரமும் நல்ல மழை. பூஜையன்று மட்டும் வெயில் அடித்தது. ஆமையைக் குளிப்பாட்டி, கழுவிய தண்ணீர் வடியட்டும் என்று இரண்டு மூடிகளையும் கழற்றினேன். கையில் இருந்த மூடிகளில் அழுக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பித்தளை, தங்கமாக மின்னியது. அப்படியே கொண்டுபோய் ஸ்பேனர்கள், ஸ்குரூ டிரைவர்கள் வரிசையின் கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஆளுக்கொரு சந்தனப் பொட்டு, குங்குமம். அழகாக இருந்தது என்று போட்டோகூட எடுத்தேன். சிகாமணி ஆமைக்கு வாழைக்கன்று கட்டி, முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த மாலை போட்டு, வண்டி முழுக்கப் பொரி தூவினான். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அறையைச் சாத்தினோம்.

சுண்டலை வாயில் போடும்போது போன் வந்தது. தடுப்பணைக்கு அக்கரையில் உள்ள சின்ன ஊரில் சின்னாண்டி என்பவரைச் சாமை அறுக்கும்போது கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. தரைப்பாலம் முங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் இக்கரையில் நிற்கிறது.

வாழைக்கன்றை அவிழ்க்கக்கூட நேரமில்லை. கல்யாண வண்டி போல அலங்காரத்தோடு ஆமை கிளம்பியது. தண்ணீர் ஓரத்தில் மேடம் கேட்டார்: "மூடி?"

"போட்டாச்சு மேடம்," என்றேன்.

தடுப்பணைத் தண்ணீர் அகலமாகத் தேங்கி நின்றது, இழுவை அதிகமில்லை. பாதி தூரத்தில் கால் ஈரமானது. தண்ணீரை வெளியேற்றும் மோட்டார் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது, சரி என்று விட்டேன். பிறகு அந்தச் சத்தம் நின்றது. கையை விட்டுப் பார்த்தால் மோட்டார் வாயில் கொத்தாகப் பொரி. ஊறி, களி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொரியைப் பார்த்ததும் பூஜை ஞாபகம் வந்தது. பூஜை ஞாபகம் வந்ததும் ஸ்பேனர் வரிசையின் கடைசியில் மின்னிய இரண்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

எப்படியோ அக்கரை ஏறினோம். ஏற்றத்தில் நின்றதும் உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் பின் ஓட்டைகள் வழியாகத் தானாகவே சலசலவென்று கொட்டியது. மூடி போடாததில் அந்த ஒரு சௌகரியம். மேடம் அந்த இரண்டு அருவிகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பூஜையில வெச்சிட்டேன் மேடம்," என்றேன்.

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். "எத்தனை டம்ளர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"டம்ளர்ல சொல்ல முடியாதுங்க மேடம். குடத்துலதான் சொல்லணும்."

அதற்குள் சின்னாண்டியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பதினோரு பேர் வந்துவிட்டார்கள். கடித்த கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. கண் சொருகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் உறவு மொத்தமும் கூடப் போகும். போகாதவர்களைப் பிறகு எந்த விசேஷத்திலும் மதிக்க மாட்டார்கள். பதினோரு பேரும் ஏறத் தயாராக நின்றார்கள். டாக்டருக்குக் கொடுக்க ஒரு மூட்டை சாமையும், கால் கட்டிய ஒரு சேவலும் கூட.

"நாலு பேருக்கு மேல ஏத்த முடியாதுங்க," என்றார் மேடம். "கவுந்துடும்."

"அப்ப நான் வர்றேன். மத்தவங்க நில்லுங்க," என்று சின்னாண்டியின் மனைவி குப்பம்மா ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நல்ல கனமான உடம்பு. "எம் புருசன நான் தனியா அனுப்ப மாட்டேன். நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க."

சிகாமணி, நான், மேடம், படுத்திருக்கும் சின்னாண்டி, நாலு ஆகிவிட்டது. மேடம் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கீழே இறங்கினார். "அவங்க போகட்டும். நான் இங்க இருக்கேன்." யாரோ அவர் கையில் சேவலைக் கொடுத்தார்கள்.

இனி ஓட்டைகள். ஒருவர் கட்டை செதுக்கி அடிக்கலாம் என்று அரிவாள் எடுக்க வீட்டுக்கு ஏறப் போனார். வீடு மேட்டில் இருந்தது. சின்னாண்டியின் பல் ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. காத்திருக்க முடியாது. நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வண்டி முகப்பில் மாலை. ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிய்த்து, துண்டுத் துணி சுற்றி உள்ளேயிருந்து ஓட்டையில் அழுத்தினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. மற்ற ஓட்டைக்கும் ஒரு பழம். ஆனால் தண்ணீரில் இறங்கினால் அது வெளியேயிருந்து நெட்டும், பழம் எகிறி விழும். யாராவது காலால் மிதித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு ஓட்டை, இரண்டு கால். கனமான ஆள், நடுவில் ஆடாமல் உட்காரும் ஆள்.

"யக்கா, இங்க வாங்க. மூடிய மறந்து பூஜையில வெச்சிட்டேன்," என்றேன்.

குப்பம்மா பின்பக்கம் நட்டநடுவில் கால்களை விரித்து உட்கார்ந்து, இரண்டு குதிகால்களாலும் இரண்டு பழங்களையும் மிதித்தாள். பின்னால் கனம் கூடியதால் சின்னாண்டியை முன்னால் தள்ளிப் படுக்க வைத்தோம். நான் அவர்களுடைய கஞ்சிக் குண்டானை வாங்கி அள்ளத் தயாரானேன். சிகாமணி, "முருகா," என்று சொல்லி இறக்கினான்.

கால் பங்கு தூரம் போயிருப்போம். குப்பம்மா, "எரியுதே," என்றாள். அவள் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. பழம் நசுங்கி, சாறு வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. போதாததற்கு மாலையில் கூடக் கோத்திருந்த மிளகாயும் பழத்தோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

"யக்கா, கால மட்டும் எடுக்காத!"

"எடுக்கல. எரியுதுன்னுதான் சொன்னேன். சொல்லக் கூடாதா?"

அப்போது சின்னாண்டியின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. குப்பம்மா எழப் போனாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, உள்ளே நின்ற தண்ணீர் தட்டு ரசமாக இடது பக்கம் ஓடியது. இடது விளிம்புக்கும் வெளித் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல்கூட இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே மறுபடி உட்கார்ந்து அழுத்தி மிதித்தாள். புருஷன் முகத்தைத் தொட அவளுக்குக் கை எட்டவில்லை. வாய் எட்டியது.

"யோவ்! தூங்காத! கண்ணத் தெற! செருப்பு போட்டுக்கினு போன்னு எத்தினி தபா சொன்னேன்? கேட்டியா? கல்யாணத்துக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன கம்மலு எங்க? மச்சான் வூட்டுல மாட்ட வுட்டுட்டு வந்தியே, அது இன்னா ஆச்சி? பதில் சொல்லுயா!"

முன்னாலிருந்து ஈனமாக ஒரு குரல்: "அது... செத்துப் போச்சி."

"செத்துப் போச்சா? எப்ப? ஏன் எங்கிட்ட சொல்லல?"

இப்படியே கரை வரைக்கும். அவள் கேட்காத குற்றம் இல்லை, அவர் ஒப்புக்கொள்ளாத குற்றம் இல்லை. கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடுகிறது, வாய் திட்டிக்கொண்டே இருக்கிறது, குதிகால் இரண்டும் அசையவில்லை. நான் அள்ளி அள்ளி ஊற்றினேன். எத்தனை குண்டான் என்று எண்ணவில்லை. இந்த ஆள் செத்தால் கொன்றது பாம்பு இல்லை, நான்தான் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

சின்னாண்டி பிழைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் குப்பம்மாவிடம் கைகூப்பினேன். "யக்கா, மூடி விஷயத்த அவருகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்," என்றாள்.

அப்புறம் ஷெட்டுக்கு ஓடி, பூஜை அறையைத் திறந்து, கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்டு, சந்தனப் பொட்டோடு மூடிகளை எடுத்துவந்து முடுக்கினேன். அக்கரையில் மேடம் சேவலை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆமை திரும்பிப் போகும்வரை பாறையில் உட்கார்ந்திருந்தார். ரிஜிஸ்டரில், 'கசிவு: எண்ணவில்லை. காரணம்: மூடி பூஜையில்,' என்று அவரே எழுதினார். மெமோ கொடுக்கவில்லை. மறுநாள் ஒரு டப்பா சிவப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷும் கொடுத்துச் சுவரைக் காட்டினார்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. வாரச் சந்தைக்குக் குப்பம்மா சாமையும் புளியும் கொண்டுவந்து விற்பாள். கூடச் சின்னாண்டி வருவார். "நீ இல்லன்னா நான் இல்ல மெக்கானிக்கு," என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். எனக்கு உடம்பு கூசும். உடனே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போய் அவருக்கு ஒரு டீ, ஒரு போண்டா. தவறியதே இல்லை. ஓய்வு பெற்றும் ஊர் திரும்பாமல் ஜமுனாமரத்தூரிலேயே தங்கிவிட்டதால் இன்றும் நடக்கிறது. குப்பம்மா தன் கூடைப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "மூடி போட்டியா?" சின்னாண்டி அந்த நேரம் பார்த்து மலையை வேடிக்கை பார்ப்பார்.

பிரபுவின் போன் வந்த பிறகு, இதை எழுதுவதென்று தீர்மானித்த பிறகு, எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்ல வேண்டாமா? போன சந்தையன்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூடியைக் கழற்றியது, பொட்டு வைத்தது, போட்டோ எடுத்தது, போட்டாச்சு என்றது, எதையும் விடவில்லை. அவர் போண்டாவை மென்றுகொண்டே கேட்டார்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"அன்னிக்கே ஆஸ்பத்திரில சொல்லிட்டா. அவ வாயில எது நிக்கும்?"

"அப்பறம் ஏங்க ஒம்பது வருசமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ மாப்பு கேட்டுட்டு போய்டுவே. டீ நின்னுடுமே." டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப சொல்லிட்டே. நிக்காதில்ல?"

நிற்காது என்றேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைக்காரருக்கு இன்னும் இரண்டு என்று விரலைக் காட்டினேன்.

"மூணு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். குப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு அவள் பக்கம் சாய்ந்தது.

"பாம்பு கடிச்சது அவருக்கு, மறந்தது நீ. ரெண்டு பேரும் ஒம்பது வருசமா டீ குடிக்கிறீங்க. காலு எரிஞ்சது எனக்குயா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனக்கு ஒரு டீ சொன்னியா?"